ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தட்டு

“அப்பா!” என்று டேங்கின் வாய்க்குள் குனிந்து கூப்பிட்டாள் கோகிலவாணி. உள்ளேயிருந்து டங் என்று சுத்தியல் ஒரு தட்டுத் தட்டியது. சரி, இருக்கிறார், அடுத்த ரெண்டு நிமிஷத்துக்கு இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம், மணி பத்து நாற்பத்திரண்டு, இனி நாற்பத்து நாலுக்குக் கூப்பிட்டால் போதும், அதுவரைக்கும் வேறெதையும் நினைக்கக் கூடாது, கையில் கயிறு, மணிக்கட்டில் கடிகாரம், காலடியில் ஓர் ஆள் நுழையுமளவு வட்ட வாய், இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு எம்.எஸ்ஸி. வேதியியல் வேண்டியதில்லை, அய்யாவு அண்ணன் எட்டாவது பெயில், ஒரு வருஷமாக இதே வேலையைத்தான் செய்கிறார், பீடியைக் காதில் செருகிக்கொண்டு, பற்றவைக்காமல், அசையாமல் நிற்பார். இன்றைக்கு அவர் பேத்திக்குச் சேந்தமங்கலத்தில் காதுகுத்து. ஆள் இல்லை, வேலையைத் தள்ளிப்போடலாம் என்று அப்பா யோசித்தபோது இவள்தான் முந்திக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்க விட்ட லீவுதானே, நான் நிற்கிறேன் என்றாள். “நீயா அம்மிணி?” என்று அப்பா மேலும் கீழும் பார்த்தார். “ஒரு எடத்துல அஞ்சு நிமிஷம் நின்னிருக்கியா நீ? கோயில்ல தீவாராதனைக்குக் கூட நிக்க மாட்டியே.” நிற்பேன். நின்றுகொண்டுதான் இருக்கிறேன். உள்ளே ஓர் ஆள் இறங்கினால் வெளியே ஓர் ஆள் நிற்க வேண்டும், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட வேண்டும், உள்ளிருப்பவர் ஒரு தட்டுத் தட்டிப் பதில் சொல்ல வேண்டும் என்கிற சட்டத்தை இந்தப் பட்டறைக்குக் கொண்டுவந்தவளே நான். சட்டம் போட்டவள் அதன்படி அரை மணி நேரம் நிற்க மாட்டாளா?

கீழே நாமக்கல் புறவழிச்சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ப்ளோயர் இரைந்தது. அதன் குழாய், யானைத் துதிக்கை தடிமனுக்கு, வாய் வழியாக உள்ளே இறங்கிக் காற்றைக் கொட்டிக்கொண்டிருந்தது. வாய்க்கு மேலே முக்காலி, முக்காலியில் கப்பி, கப்பி வழியாகக் கயிறு, கயிற்றின் அந்த முனை உள்ளே அப்பாவின் முதுகு வாரில். இருபதாயிரம் லிட்டர் வண்டி. சர்க்கரை ஆலையிலிருந்து மொலாசஸ் ஏற்றுகிற வண்டி, கன்னங்கரேலென்று தார் மாதிரி இருக்கும் அந்தப் பாகு, ஆனால் வாசனை என்னவோ அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிற அடுப்படி வாசனைதான், அங்கேதான் இருக்கிறது வினையே. பெட்ரோல் வண்டி என்றால் பத்து தரம் யோசிக்கிற ஆட்கள் இனிப்பு வண்டி என்றால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள், தின்கிற பொருள்தானே, அது என்ன செய்யும் என்று. அப்படித்தான் போன வருஷம் நாலு பட்டறை தள்ளி சடையப்பன் இறங்கினார். அவரைத் தூக்க அவர் தம்பி தனபால் இறங்கினான். மறுநாள் பேப்பரில் ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’. எந்த விஷம்? யார் தாக்கினார்கள்? அடிமண்டியில் மிச்சமிருக்கும் பாகு புளிக்கிறது, புளித்தால் விடுகிற மூச்சு காற்றைவிடக் கனம், குடத்தில் தண்ணீர் நிற்கிற மாதிரி அடியில் நிற்கிறது, மனுஷன் அதற்குள் குனிகிறான், அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் தாக்கவில்லை. காற்று இருக்கிறதா என்று பார்க்காமல் ரெண்டு பேரை இறக்கிவிட்டார்கள் என்று எழுத ஒருவனுக்கும் பேனா வரவில்லை, தாக்கியதாம், வாயு வந்து கழுத்தைப் பிடித்ததாம். இவள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினாள், ஒன்றரைப் பக்கம். போடவில்லை. அந்தத் தம்பியும் எதற்கு இறங்கினான், அண்ணன் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் அதே குழிக்குள் இறங்குகிறவனை என்ன சொல்வது, முட்டாள்தனம் இல்லையா என்று விடுதியில் ராத்திரியெல்லாம் சிநேகிதிகளோடு வாதாடினாள். பிறகு வீட்டுக்கு வந்து அப்பாவோடு வாதாடினாள். அப்பா சிரித்தார். “முப்பது வருசமா எறங்கறேன், எனக்குத் தெரியாததா?” அதற்கு மேல் வாதம் எடுபடாது என்று தெரிந்து சோற்றை நிறுத்தினாள். ஒன்றரை நாள். “அப்பனும் மகளுமாச் சேர்ந்து என்னையக் கொல்றீங்க” என்று அம்மா முறத்தை வீசினாள். ரெண்டாம் நாள் மத்தியானம் அப்பா எங்கேயோ போய்விட்டு வந்து, கையகல மஞ்சள் பெட்டி ஒன்றை இவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். காற்றை அளக்கிற மீட்டர். “இந்தா சாமி. இப்பச் சோத்தத் தின்னு” என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்ததா, வெயிலில் வந்ததாலா, இன்றுவரை இவளுக்குத் தெரியாது, கேட்டால் வெயில் என்பார்.

நாற்பத்து நாலு. “அப்பா!” டங்.

பார், மறக்கவில்லை. இவ்வளவும் நினைத்தும் மறக்கவில்லை. இறங்குவதற்கு முன் அப்பா ஏணியில் பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்புவிக்கச் சொல்கிற மாதிரி கேட்டார். “நான் தட்டலீன்னா என்ன பண்ணுவ?” “கயித்த இழுப்பேன். ஜெயபால் அண்ணனக் கூப்புடுவேன். தீயணைப்புக்குப் போன் பண்ணச் சொல்லுவேன்.” “அப்புறம்?” “அவ்வளவுதானுங்கப்பா.” “உள்ள எறங்குவியா?” “மாட்டேன்.” “நான் உள்ளயிருந்து கத்துனாலும்?” இவள் கயிற்றின் முடிச்சைப் பார்த்தாள். “அம்மிணி.” “மாட்டேனுங்கப்பா.” எதற்கெடுத்தாலும் ஏன் எதற்கு என்று மறித்துப் பேசுகிறவள், அந்த ஒன்றுக்கு மட்டும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா இவள் கன்னத்தைக் கையுறையோடு ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார். கன்னத்தில் கிரீஸ். துடைக்கவில்லை. மீட்டரை முதலில் நூலில் கட்டி வாய்க்குள் இறக்கிப் பார்த்தாயிற்று, மேலே, நடுவே, அடியே, மூன்று இடத்திலும் பிராணவாயு நூற்றுக்கு இருபது புள்ளி எட்டு, நல்ல காற்று. பிறகு அதை அவர் வாரிலேயே மாட்டிக்கொண்டார். பத்தொன்பதரைக்குக் கீழே போனால் கத்தும். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஒன்றுவிடாமல் சரியாக இருக்கிறது.

“ஏம் பாப்பா, மேல நிக்கறதப் பாத்தா எலெக்சன் மீட்டிங்காட்டம் இருக்குது. சும்மா நிக்காம ரெண்டு வார்த்த பேசறது!” கீழே டயருக்கு அடை கொடுத்த கட்டை மேல் உட்கார்ந்திருந்த ஜெயபால்தான். இந்த வண்டியின் டிரைவர். ப்ளோயர் சத்தத்துக்கு மேல் கத்தினார். “பேசுனா ஓட்டுப் போடுவீங்களாண்ணா?” “எனக்கு இன்னைக்கே எஃப்.சி. வாங்கிக் குடு, போடறேன்.” மத்தியானத்துக்குள் வண்டியைத் தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அதுதான் அவர் அவசரம். ஆனால் கோளாறை மறைத்துச் சான்று வாங்கிக்கொண்டு போகிற ஆளும் இல்லை அவர், காலையில் வந்ததும் தானாகவே சொன்னார். “தொப்பூர் எறக்கத்துல பிரேக்கத் தொட்டா, பின்னாடியிருந்து எவனோ எட்டி ஒதைக்கறாப்பல இருக்குதுங்க மேஸ்திரி. உள்ள தடுப்பு ஏதோ விட்டிருக்குது.” டேங்குக்குள் குறுக்கே ரெண்டு தடுப்புத் தகடு நிற்கும், ஒவ்வொன்றிலும் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஓட்டை, ஆக உள்ளே மூன்று அறை. பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும், உள்ளே இருக்கிற திரவம் நிற்காது, அலையாக எழும்பி முன்னால் ஓடிவந்து மோதும், அதை உடைத்துத் தணிக்கத்தான் தகடு. வெல்டிங் விட்டிருந்தால் அலைக்கு அணை இல்லை. “முழு லோடு நம்ம பேச்சக் கேக்கும், பாப்பா. காலி வண்டியும் கேக்கும். இந்தப் பாதி லோடு இருக்குதே, அது நாம பிரேக் போட்டு நின்னதுக்கப்பறந்தான் பேசவே ஆரம்பிக்கும். அதனால வண்டி நின்னாலும் நான் கால எடுக்க மாட்டேன். அது பேசி முடிக்கிற வரைக்கும் பிரேக்கு மேலயே இருப்பேன்.” நல்ல மனுஷன். எத்தனை பேர் அப்படி இருப்பார்கள், சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் காலை எடுத்துவிட்டு, அந்த அலை வந்து தள்ள, முன்னால் நிற்கிற இருசக்கர வண்டிக்காரனை… நாற்பத்தாறு. “அப்பா!” டங்.

பாதி லோடு. தன் மண்டையும் அப்படித்தான் என்று தோன்றியது. நிற்கச் சொல்லி நிறுத்தியாயிற்று, உடம்பு நிற்கிறது, உள்ளே இருப்பது மட்டும் இன்னும் ஓடுகிறது. வெயில் டேங்க் முதுகில் ஏறிப் பாதத்தைச் சுட்டது, செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்தது தப்பு, நடைபலகை தகித்தது, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள், சின்ன வயசில் நொண்டி விளையாடுவது போல. அந்த வாசனை அலையலையாக வாயிலிருந்து வந்தது. அப்பா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வாசனையோடுதான் வீட்டுக்கு வருவார். பாமாயில் வண்டி என்றால் பலகாரக் கடை, பால் வண்டி என்றால் புளித்த தயிர், ஆசிட் வண்டி பார்த்த நாள் மூக்கில் ஊசி குத்துகிற மாதிரி ஒன்று, அன்றைக்குக் கிட்டவே விடமாட்டார், அள்ளி அள்ளிக் குளித்த பிறகுதான் தூக்குவார். ஒன்றாம் வகுப்பில் பழங்களும் அவற்றின் வாசனையும் என்று டீச்சர் கேட்டபோது இவள் எழுந்து, அப்பாவும் அவர் வாசனையும் என்று திங்கள் செவ்வாய் என வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாளாம், அம்மா இன்னும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவ்வளவு பெருமையாகச் சொன்ன அதே வாய்தானே, பல்கலைக்கழகத்தில் முதல் நாள், அந்தக் குளிரூட்டிய அறையில், வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவராகத் தந்தை தொழில் என்னவென்று கேட்டபோது, அது எதற்கு, அதைக் கேட்க அவர்களுக்கு என்ன உரிமை, அதையல்லவா எழுந்து நின்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, டேங்கர் இன்ஸ்பெக்டர் என்றாள். கவர்மெண்டா என்றார் பேராசிரியர். இவள் தலையை ஆட்டினாள், ஆமாம் என்றும் இல்லாமல், இல்லை என்றும் இல்லாமல், நெளிகிற தலையாட்டல் ஒன்று. ஊர்ப்பட்ட அநியாயத்துக்கெல்லாம் கடிதம் எழுதுகிறவள், தன் அப்பன் டேங்குக்குள் இறங்கிச் சுரண்டி வெல்டிங் பார்க்கிறவர் என்று சொல்ல அங்கே வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் அப்பா விடுதிக்கு வந்தார், பலகாரத் தூக்கோடு, இஸ்திரி போட்ட சட்டையில், வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றார், வாங்கப்பா என்று இவள் ஒரு தரம் கூப்பிட்டாள், ஒரே தரம், ரெண்டாம் தரம் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார், இல்லை, அவருக்குத் தெரிந்திருக்குமோ, அந்தத் தலையாட்டல் எப்படியோ காற்றில் போய் அவருக்குத் தெரிந்திருக்குமோ, “படிக்கற புள்ளைங்க எடம், நான் எதுக்குச் சாமி” என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது அவர் சட்டையின் பின்பக்கம் வேர்வையில் ஒட்டி…

டங்.

ஆங், சரி. ஒட்டியிருந்தது, அவரைப் பின்னாலேயே போய்ப் பிடித்து ஒரு டீயாவது, என்று நினைப்பு பாதி வார்த்தையில் நின்றது. என்ன அது? இப்போது வந்தது என்ன? தட்டு. நான் எப்போது கூப்பிட்டேன்? கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்தொன்பது. நாற்பத்தாறுக்குப் பிறகு இவள் கூப்பிடவில்லை. நாற்பத்தெட்டு இவளுக்குத் தெரியாமலேயே போய்விட்டது. சே, சட்டம் போட்டவள், மூன்றே மூன்று விஷயம், அதைக்கூட, நல்லவேளை அவராகவே தட்டினார் என்று ஒரு பெருமூச்சு வந்தது, வந்த மூச்சு பாதியில் திரும்பியது. அவராகவே ஏன் தட்டினார்? தெரிந்திருக்கிறது. மகள் எங்கேயோ போய்விட்டாள் என்று இருட்டுக்குள் தவழ்ந்துகொண்டே அவருக்குத் தெரிந்திருக்கிறது. கூப்பிடாமல் விட்டோமே என்று அவள் வருத்தப்படக் கூடாது, திடுக்கிடக் கூடாது என்று, தூங்குகிற பிள்ளைக்குத் தொட்டிலைச் சும்மா ஒரு ஆட்டு ஆட்டிவிடுகிற மாதிரி ஒரு தட்டு. என் அப்பா. நெஞ்சு குழைந்துபோயிற்று இவளுக்கு. குழைந்த மறு நொடியே ஒரு சந்தேகம் முள்ளாக மாட்டிக்கொண்டது. இது முதல் தரமா? இல்லை, முன்பு கூப்பிட்டபோதெல்லாம் வந்ததே, அவையும் கூப்பிட்டதற்கு வந்த தட்டுகளா, அல்லது அவரே ஒன்று ரெண்டு என்று எண்ணிக்கொண்டு தட்டியதும் இவள் கூப்பிட்டதும் பக்கம் பக்கமாக வந்து விழுந்தனவா? ப்ளோயர் இரைச்சலில் இவள் குரல் மூன்றாம் அறைவரை போகிறதா என்று யார் பார்த்தார்கள்? பார்த்துவிடலாம். கூப்பிடவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கடிகார முள்ளையே பார்த்தாள். ஐம்பது. ஐம்பதரை. கூப்பிடாமல் இருப்பது கூப்பிடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஐம்பத்தொன்று. டங்.

அப்படியானால் இது பதில் இல்லை. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் அடிக்கிற கோயில் மணி. மயங்கி விழப்போகிறவர் விழுவதற்கு முந்தின நொடிவரை அடித்துவிட்டு விழலாம், அடுத்த ரெண்டு நிமிஷம் வெளியே நிற்பவள் நிம்மதியாகத் தன் பாவங்களை நினைத்துக்கொண்டிருக்கலாம். அன்பினால் செய்ததுதான், அன்பினால் சட்டத்தில் ஓட்டை போட்டுவிட்டார். நானும்தான் என்ன சட்டம் போட்டேன்? கயிற்றைப் பார்த்தாள். கப்பியிலிருந்து நேராக உள்ளே இறங்கி, பிறகு படுக்கையாகத் திரும்பி, முதல் தகட்டின் ஓட்டைக்குள் நுழைந்து இருட்டில் மறைந்தது. அங்கிருந்து ரெண்டாம் தகட்டின் ஓட்டை. அதற்கும் அப்பால் அவர். எழுபத்தெட்டு கிலோ ஆள். துவண்டு கிடக்கிற ஆளை இந்தக் கயிற்றால் ரெண்டு ஓட்டை வழியாக இழுத்துவிட முடியுமா? தோள் தகட்டு விளிம்பில் மாட்டாதா? மேலே தூக்கத்தான் கப்பி உதவும், குறுக்கே இழுக்க உதவாது, இதை ஒரு வருஷமாக ஒருத்தரும் யோசிக்கவில்லை, வாதத்தில் ஜெயித்த ஜோரில் நானும் யோசிக்கவில்லை. மீட்டர்? வாய்க்கு நேர் கீழேதான் இறக்கிப் பார்த்தோம், ப்ளோயர் காற்று கொட்டுகிற முதல் அறையில், அங்கே இருபது புள்ளி எட்டு இருக்காமல் என்ன செய்யும்! தகடுகளுக்குப் பின்னால், அடிமண்டி தேங்கியிருக்கிற மூன்றாம் அறையில் யார் பார்த்தார்கள்? “அப்பா! பேசுங்கப்பா!” கத்தினாள். “வாய் தொறந்து பேசுங்க!” குரல் உள்ளே போய்க் குடத்துக்குள் போன மாதிரி உருண்டு இவளிடமே திரும்பி வந்தது. ஐம்பத்து மூன்று. தட்டு வரவில்லை.

வரவில்லை. ஐம்பத்து மூன்றரை. “என்ன பாப்பா?” ஜெயபால் எழுந்து நின்றார். “சத்தமே காணோம்ங்கண்ணா!” “ப்ளோயர நிறுத்தட்டுமா? இந்த எரச்சல்ல எப்புடிக் கேக்கும்?” “தொடாதீங்க! அதைத் தொடாதீங்க!” கேட்க வேண்டுமானால் காற்றை நிறுத்த வேண்டும், காற்று வேண்டுமானால் கேட்க முடியாது, இப்படி ஒன்றை வைத்திருக்கிறோம். “அப்பா!” ஏணியின் முதல் படி காலுக்கு ஜில்லென்று இருந்தது. ஜில்லென்று எப்படி இருக்கும், வெயிலில் எல்லாம் சுடுகிறதே, என்று குனிந்து பார்த்தால் வலது கால் வாய்க்குள் இருக்கிறது, நிழலில், ரெண்டாம் படியைத் தேடிக்கொண்டு. எப்போது இறங்கியது? இவள் இறக்கவில்லை. யாரும் யோசித்து, முடிவு பண்ணி இறங்குவதில்லை. தனபாலே, உன்னை முட்டாள் என்றேனே, ஒரு ராத்திரி முழுக்க ஆறு பேர் நடுவில் உன்னை முட்டாள் முட்டாள் என்று நிரூபித்தேனே, கால் தானாக இறங்கிவிடுகிறது, அண்ணன் உள்ளே கிடக்கிறான் என்று காலுக்குத் தெரிந்துவிடுகிறது, புத்தி வந்து சேர்வதற்குள் கால் பாதி தூரம் போயிருக்கிறது. ‘மாட்டேனுங்கப்பா.’ சொன்னது இவள் வாய்தான். காலை ரெண்டு கையாலும் பிடித்து வெளியே எடுத்தாள், வேறு யாருடைய காலையோ எடுப்பது போல. எடுத்து நடைபலகையில் வைத்தாள். கயிற்றின் நீண்ட முனையைக் கையில் சுற்றிக்கொண்டு, அப்பா மேலே வைத்துவிட்டுப் போயிருந்த பித்தளை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, டேங்கின் முதுகு மேலேயே பின்பக்கம் நடந்தாள், மூன்றாம் அறைக்கு நேர் மேலே, மண்டி போட்டாள், முட்டி சுட்டது, சுடட்டும், ஓங்கி மூன்று தட்டுத் தட்டினாள்.

ஒன்றும் இல்லை. பிறகு, காதில் கேட்பதற்கு முன்னால் முட்டியில் தெரிந்தது. டொக். டொக். டொக்.

டங் இல்லை. சுத்தியல் இல்லை, வேறெதுவோ. ஆனால் மூன்று. எத்தனை என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது, எண்ணி வைத்துக்கொண்டு தட்டியிருக்க முடியாது, கேட்டுவிட்டுத்தான் தட்ட முடியும். இன்னும் ஒரு தரம். ஐந்து தட்டினாள். டொக், டொக், டொக், டொக்… ஐந்தாவது எங்கே? ஐந்தாவது எங்கே அப்பா? டொக். அது தாமதமா, இவள் பயம்தான் அதை நீட்டியதா? வாதாட நேரமில்லை. கயிற்றை ரெண்டு தரம் சுண்டி இழுத்தாள். வெளியே வாருங்கள் என்று அர்த்தம், அதற்கு மறுபேச்சு கிடையாது என்றும் அர்த்தம். கயிறு அசைந்தது. அந்தப் பக்கத்திலிருந்து தளர்ந்தது. இவள் வாய்க்கு ஓடிவந்து குனிந்தாள். முதல் தகட்டின் ஓட்டையில் முதலில் தலைவிளக்கின் வெளிச்சம், பிறகு கறுப்பாகப் பாகு அப்பிய ஒரு கை, பிறகு அப்பா. இவள் கயிற்றை இழுக்க, ஜெயபாலும் மேலே ஏறிவந்து பிடிக்க, முக்கால் வாசி தானாகவும் கால் வாசி கயிற்றாலும் அவர் வெளியே வந்து நடைபலகையில் பொத்தென்று உட்கார்ந்தார். மூச்சை இழுத்து இழுத்து விட்டார். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. “எதுக்கு அம்மிணி சுண்டுன? சுத்தியல் கைதவறி மண்டிக்குள்ள விழுந்துபோச்சு, குனிஞ்சு தொழாவிட்டு இருந்தேன். கை டார்ச்ச வெச்சுத்தான் தட்டுனேன்.” குனிந்து. அடியில். கனமான அந்தக் காற்று நிற்கிற இடத்தில், தலையை வைத்துத் தேடிக்கொண்டு. இவள் அவர் வாரிலிருந்த மீட்டரைத் திருப்பி, உள்ளே இருந்தபோது எவ்வளவு வரை இறங்கியது என்று பார்த்தாள். பத்தொன்பது புள்ளி ஆறு. மீட்டரை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். அப்பா பார்த்தார். “இன்னும் கத்தலீல்ல” என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மீதியை விழுங்கினார்.

“கூப்புடாம எதுக்குங்கப்பா தட்டுனீங்க?” என்றாள். “நாப்பத்தெட்டுக்கு நான் கூப்புடவே இல்ல. மறந்துட்டேன். நீங்க ஏன் தட்டுனீங்க?” அப்பா கையுறையைக் கழற்றினார், மெதுவாக, ஒவ்வொரு விரலாக. “நீ என்னமோ ரோசனையில இருப்பேன்னு… மறந்துட்டமேன்னு அப்பறம் உனக்கே சங்கடமாப் போயிரும். பயந்துக்குவே.” “பயந்துக்கறேன்! பயப்படறதுக்குத்தான் என்னைய இங்க நிறுத்தியிருக்குது. அதாங்கப்பா என் வேல. அதையும் நீங்களே உள்ளயிருந்து செஞ்சுட்டா நான் எதுக்கு, இந்த முக்காலி எதுக்கு?” ஜெயபால், அப்பனும் மகளும் சண்டை போடுகிற வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட விருந்தாளி போல, முக்காலியின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நான் மறந்தா நீங்க பேசாம இருக்கோணும். அந்தச் சத்தமில்லாததுலதான் நான் முழிச்சுக்குவேன். நீங்க தட்டுனா நான் இன்னும் நல்லாத் தூங்கறேன்.” அப்பா சாலையைப் பார்த்தார். பிறகு, கண்ணை அங்கேயே வைத்துக்கொண்டு, “வலப்பக்கம் ரெண்டாந்தகடு ஒரு முழத்துக்கு விட்டிருக்குது ஜெயபாலு. தொப்பூர்ல ஒதச்சது அதுதான்” என்றார். “அடியில இன்னும் பாக்கோணும். இன்னொருக்கா எறங்கித்தான் ஆகோணும்.” ஜெயபால் வெயிலைப் பார்த்தார். “அப்ப சீக்கிரம் முடிச்சிருங்க மேஸ்திரி. எஃப்.சி…” அப்பா கையைக் காட்டினார், மகள் பக்கம். “என்னையக் கேக்காத. எப்ப எறங்கறதுன்னு மேல நிக்கறவங்க சொல்லோணும்.”

இவளை யாரும் இப்படி ஒரு சபையில் முன்னே தள்ளியதில்லை. ப்ளோயர் குழாயை ரெண்டு ஓட்டைக்கும் அப்பால், மூன்றாம் அறைவரை நீட்டி விட வேண்டும் என்றாள். குழாய் நீளம் போதாது, இன்னொரு துண்டு சேர்க்க வேண்டும் என்றார் ஜெயபால், சொல்லிவிட்டு அவரே இறங்கிப்போய் எடுத்துவந்து சேர்த்தார். நீண்ட மூங்கில் கழியில் கட்டி உள்ளே தள்ளினார்கள். பின்னால் அடி வால்வைத் திறந்துவிட்டார்கள், கனமான காற்று ஒழுகிப் போகட்டும் என்று. மீட்டரையும் அதே கழியில் கட்டி மூன்றாம் அறையின் அடிவரை நீட்டிப் பார்க்க வேண்டும், அரை மணி கழித்து, அதுவரை ஒருவரும் உள்ளே தலை நீட்டக் கூடாது. எஃப்.சி. நாளைக்கு. “நாளைக்கே போலாம் பாப்பா” என்றார் ஜெயபால். “பாதி லோடு பேசி முடிக்கட்டும்.” அரை மணி நேரம் மூன்று பேரும் ஒன்றும் செய்யாமல் இருந்தார்கள். அப்பாவும் மகளும் டேங்க் முதுகிலேயே, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒரு துண்டை ரெண்டாக மடித்து அதன்மேல். நடுவில் அவள், “அன்னைக்கு ஹாஸ்டல் வாசல்ல நான் இன்னொரு தரம் கூப்புட்டிருக்கோணுங்கப்பா” என்றாள். “எந்த வாசல்?” என்றார் அவர். நிஜமாகவே அவருக்கு நினைவில்லை போலிருந்தது, அல்லது அதுவும் கண் கலங்கியதற்குச் சொல்கிற அந்த வெயில் போல ஒன்று. அவர் சட்டையின் முதுகு வேர்வையில் ஒட்டியிருந்தது. அதை விரலால் பிடித்துக் காற்றுப் போக இழுத்துவிட்டாள்.

மூன்றாம் அறையின் அடியில் இருபது புள்ளி ஏழு காட்டியது. ஒரு தரம் இல்லை, மூன்று தரம் பார்த்தாள். ஓட்டைகளில் கயிறு மாட்டாமல் இருக்க ஜெயபால் முதல் அறையிலேயே ஏணியடியில் வேறொரு வார் போட்டு நிற்பதாக ஏற்பாடு, அவருக்கும் ஒரு கயிறு. அப்பா வாய்க்குள் இறங்கும்போது கேட்டார். “இந்தத் தடவ எத்தன தட்டு?” “சொல்ல மாட்டேன். நான் எத்தன தட்டறனோ அத்தன.” “கணக்குப் பரீட்ச வெக்கறியா அப்பனுக்கு?” என்று சிரித்துக்கொண்டே போனார். பன்னிரண்டு பத்து. கயிறு ஓடி, நின்றது. அவள் டேங்க் முதுகில், மூன்றாம் அறைக்கு மேலே, துண்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள். பன்னிரண்டு பன்னிரண்டுக்கு நாலு தட்டினாள். நாலு வந்தது. பதினாலுக்கு ஒன்று. ஒன்று வந்தது. நடுவில் அவர் ஒன்றும் தட்டவில்லை. அந்த ரெண்டு நிமிஷ மௌனம் எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, நினைப்பு ஓடப் பார்த்தது, ஓடி அந்த மௌனத்தில் மோதித் திரும்பி வந்தது. பதினாறுக்கு ஆறு. ஆறு வந்தது. ஆறாவது வந்து ஓய்ந்த பிறகு, சற்று இடைவெளி விட்டு, கீழேயிருந்து இன்னும் மூன்று தட்டு வந்தது.

கோகிலவாணி திடுக்கிட்டாள். மூன்று கேட்கவில்லையே நான். வாய் திறந்து கத்தப் போனாள், கூப்பிடாமல் தட்டக் கூடாது என்று சொன்னேனா இல்லையா. பிறகு புரிந்தது. இது பதில் இல்லை. இது அவர் கேட்பது. மேலே இருக்கிறாயா என்று கேட்கிறார்.

ஸ்பேனரை எடுத்து, எண்ணி, மூன்று தட்டினாள்.